துப்பாத நாக்கு

நொறுக்குத்தீனி தொழிற்சாலையின் ருசி பார்க்கும் அறையில் அவருக்குத் 'தங்கநாக்கு' என்று பட்டப்பெயர். அடுத்த தெருவில் வெங்காயம் நறுக்கினால், கத்தியைக் கழுவினார்களா இல்லையா என்று இங்கிருந்தே சொல்லிவிடுவாராம். பாதியைத் தள்ளுபடி செய்தாலும் மீதி சத்தியம்.

அந்த அறைக்கு ஒரே சட்டம்: மெல்லு, எழுது, துப்பு. துப்புவதற்கு ஆளுக்கொரு எவர்சில்வர் கிண்ணம். மற்ற ஐந்து பேரும் ஒழுங்காகத் துப்பினார்கள். இவர் மட்டும் இருபத்தாறு வருடம் விழுங்கினார்.

"தொண்டையைத் தாண்டினாத்தான்யா உப்போட வாலே தெரியும்" என்பார். சாயங்காலம் அவர் கிண்ணம் அப்போதுதான் கடையிலிருந்து வந்தது போலப் பளபளக்கும்.

சனிக்கிழமைதோறும் அச்சு பிசகிய பாக்கெட்டுகளை ஊழியர்களுக்குச் சாக்கில் அள்ளிக் கொடுப்பார்கள். அவருடைய ஒரே மகள் அந்தச் சாக்கில் வந்ததைத் தின்றே வளர்ந்தாள்.

ஐம்பத்திரண்டாம் வயதில் அவருக்குக் குடலில் புற்று. தினமும் என்ன சாப்பிடுவீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். இவர் சொல்லச் சொல்ல அவர் பேனா பாதியில் நின்றுவிட்டது.

"இதனாலதானா டாக்டர்?"

"உங்களுக்கு இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாதுங்க. இந்த மாதிரி பாக்கெட் சாப்பாடு நிறைய சாப்பிடுறவங்களுக்குச் சில புற்று கொஞ்சம் கூடுதலா வருதுன்னு ஆராய்ச்சியில பார்த்திருக்காங்க. இனிமே குறைச்சுக்குங்க."

"இனிமேவா?" என்றாள் மனைவி. "வீடு எரிஞ்சு முடிஞ்சதும் கிணறு வெட்டச் சொல்றாங்க, கேட்டுக்குங்க."

புற்று கல்லீரலுக்கும் தாவிவிட்டது என்று தெரிந்த வாரம், மேலாளர் பழக்கூடையோடு வந்தார். "உங்க நாற்காலி சும்மா கிடக்கு. பொண்ணை அனுப்புங்களேன், பார்ப்போம்."

தொழிற்சாலையில் மகளுக்குச் சோதனையாக ஆறு தட்டு வைத்தார்கள். ஒன்றில் மட்டும் ஒரு சிட்டிகை உப்பு கூடுதல். மகள் மூன்றாம் தட்டிலேயே விரலை வைத்துவிட்டாள். சனிக்கிழமைச் சாக்கு வீண்போகவில்லை.

"வேண்டாம்மா" என்றார் அப்பா, அவள் வீடு திரும்பியதும்.

"ரெண்டு வருஷமா வேற வேலை தேடித் தேடிச் செருப்புதான் தேஞ்சுதுப்பா."

அவர் அவள் கையை இழுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டார். "போ. ஆனா துப்பிடு. ஒரு துணுக்கு உள்ள போகக் கூடாது. சத்தியம்?"

"சத்தியம்."

முதல் நாள் சாயங்காலம், குடல் அறுவைக்குப் பின் வயிற்றில் பொருத்திய மலப்பையைத் தாங்கியபடி வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார்.

"துப்பினியா?"

"துப்பினேன்ப்பா."

"கிண்ணத்தை யார் கழுவினது?"

"கழுவவே வேண்டியிருக்கல..." நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

உள்ளே மனைவி கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

"துப்பினா அந்தக் கடைசிப் புளிப்பு தெரியவே மாட்டேங்குதுப்பா" என்றாள் மகள், செருப்பைக் கழற்றாமலே.

அவர் படியில் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார். பிறகு, கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டார்.

"அந்தப் புளிப்பு எத்தனை எண்ணுறதுக்குள்ள வந்துச்சு?"

"ஆறு."

"ஆறா? எனக்கு எட்டாச்சே!" குரலில் பெருமை துள்ளிவிட்டது. அது தன் காதிலேயே விழ, அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.