அரிப்பு மாத்திரையும் கெலமங்கலம் சந்தையும்

கிருஷ்ணகிரி ரோட்டை நாலு வழியாக்கிக்கொண்டிருந்த வருடங்கள். ஓசூரில் எங்கள் வீட்டைச் சுற்றிக் காலி மனைகள், மனை முழுக்கப் பார்த்தீனியக் களை. அதன் காற்றுப் பட்டாலே என் மனைவிக்குக் கழுத்து தடித்து அரிக்கும். டாக்டர் பத்து நாளைக்குத்தான் மாத்திரை எழுதினார். நான் இரண்டு வருடம் வாங்கினேன். சீட்டு மடிப்பில் கிழிந்த பிறகு, மருந்துக் கடைக்காரருக்கு என் முகமே சீட்டு.

அவள் முன்பெல்லாம் வாரம் தவறாமல் கெலமங்கலம் சந்தைக்குப் போவாள். அங்கே தெலுங்கில் பேரம் பேசி ஜெயித்த கதையை அன்று முழுக்கச் சொல்வாள். அது மெல்ல நின்றது. சந்தைப் பை ஆணியிலேயே தொங்கியது. பலாச்சுளையைக் கையில் கொடுத்தால் ருசித்துத் தின்பாள். அடுக்களையில் இருக்கிறது என்றால் எழுந்து போகமாட்டாள்.

"சோம்பேறி ஆயிட்ட" என்றேன். பதிலுக்குப் பத்து கொடுக்கிறவள், "ஆமா" என்று திரும்பிப் படுத்தாள்.

நான் வேதியியலில் முதுகலை படித்தவன், ஆலை ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒருநாள் மாத்திரைப் பெட்டிக்குள் இருந்த தாளைப் படித்தேன். மூளையில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைத் தடுக்கும், வயதானவர்களுக்கு மந்தம் வரலாம் என்று போட்டிருந்தது. புரிந்தது. மடித்து உள்ளே வைத்துவிட்டேன். வீடு அமைதியாக இருந்தது, எனக்கு அது பிடித்திருந்தது. அதற்குப் பிறகும் சில மாதங்கள் வாங்கிக் கொடுத்தேன்.

மகளின் போன் வந்தால் ஓடிப்போய் எடுப்பவள், ஒருநாள் பக்கத்திலேயே மணி அடித்தும் எழவில்லை. "நீங்களே பேசுங்க" என்றாள். அன்றுதான் பயந்தேன்.

கிருஷ்ணகிரியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். மாத்திரை அட்டையைப் பார்த்ததும் அவர் சொன்னார்: "அசிட்டைல்கோலினை வாங்கிக்கிற ஏற்பிகள் மூளையில இருக்கு சார். ஒண்ணு வேணும்னு தோணி, அதுக்காக எழுந்து போறதுல அதுக்கும் பங்கு உண்டு. இந்த மாத்திரை அந்த ஏற்பிகள்ல சிலதை அடைச்சிடும். அம்மாவுக்கு ருசி போகலை, எழுந்து போற உந்துதல்தான் குறைஞ்சிருக்கு."

"திரும்பி வருமா?"

"நிறுத்திப் பார்ப்போம். இப்பவே உறுதியாச் சொல்ல முடியாது."

மாத்திரையை நிறுத்தினோம். ஆள் வைத்துச் செடியை வெட்டினேன். மூன்றாவது வாரம் அவள் பையை எடுத்துத் தூசி தட்டினாள். நானும் கூடப் போனேன். சந்தையில் அவரைக்காயை அள்ளிப் பார்த்தாள், விலை கேட்டாள், கூடையிலேயே போட்டுவிட்டு நடந்தாள்.

"ரா அக்கா, ரா" என்று காய்க்காரி தெலுங்கில் திரும்பி வரச்சொல்லிக் கூப்பிட்டாள். "ஆளையே காணோம், இப்ப வந்ததும் சண்டையா?"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

திரும்பும் பஸ்ஸில் அந்தத் தாளைப் பற்றிச் சொன்னேன்.

"தெரிஞ்சேவா குடுத்தீங்க?"

"கடைசி சில மாசம், தெரிஞ்சேதான்."

பையைத் தூக்கி என் மடியில் வைத்தாள். "என் வாயை அடைக்க மாத்திரையா? அந்த ரெண்டு வருஷத்துக்கும் சேர்த்து இப்பக் கேளுங்க" என்று ஆரம்பித்தாள்.

ஓசூர் வரும்வரை நிறுத்தவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டபடியே வந்தேன்.