சன்னல் இல்லாத பெட்டி

தூத்துக்குடி கன்டெய்னர் யார்டில், பெட்டிகளைச் சோதிக்கும் ஒரு சர்வேயருக்குக் குறிப்பெடுக்கும் வேலை பார்த்தேன். என்னோடு காலி கன்டெய்னருக்குள் நின்றுகொண்டு, வெளியே நிற்கும் ஆளிடம் கதவைச் சாத்தச் சொல்வார். எங்காவது ஓட்டை வழியே வெளிச்சம் கசிந்தால் பெட்டி ஃபெயில். சாத்தியதும், கண் இருட்டுக்குப் பழகக் கொஞ்ச நேரம் கண்களை மூடிக்கொள்வது அவர் வழக்கம்.

ஒருநாள் வெளியே தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டது. உள்ளே இரும்பு கொதித்தது. எனக்கு மூச்சு முட்டியது.

"பயப்படாதலே. நாளைக்குப் பரீட்சைன்னியே, அதச் சொல்லு," என்றார்.

எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவன் நான். மறுநாள் எழுதவிருந்த தத்துவத் தாளில் ஏற்கெனவே இருமுறை ஃபெயில் ஆனவன்.

"உலகமே கூறுபோட முடியாத சின்னச் சின்னப் பொருளால ஆனதாம், அண்ணாச்சி. எதுக்கும் சன்னல் கிடையாதாம். ஆனா ஒவ்வொண்ணுக்குள்ளயும் முழு உலகமும் இருக்காம். முந்நூறு வருசத்துக்கு முன்னால ஒருத்தர் சொன்னது. இன்னும் அத ஏன் யாரும் விட மாட்டேங்காங்கன்னு பரீட்சைல கேள்வி."

"சன்னல் இல்லன்னா பாஸ்தான?" என்று சிரித்தார். "அடைபட்டுக் கெடக்கவன் எல்லா ஊர்லயும் இருக்கான்லா, பொறவு எப்படி விடுவான்? செரி, கண்ண மூடித் தொற."

கண்ணை மூடித் திறந்தேன். கூரை மூலையில் கடுகளவு வெளிச்சம்.

"ஃபெயில்," என்றார். "வெளிய போயி எழுதிக்கோ."

வீட்டில் சொல்லக் கூசிய அந்தச் சொல் அன்றுதான் எனக்கு இனித்தது. கதவு அதற்குப் பிறகுதான் திறந்தது. அந்த ஓட்டையை அவர் முன்பே பார்த்துவிட்டு, நான் பார்க்கட்டும் என்று காத்திருந்தாரோ?