காட்டு மண்ணுக்கு இட்ட சாம்பல்

பூதலூர்ப் பக்கம் செம்மண் மேட்டில் இருக்கும் அந்தச் சின்னக் காட்டை வயல்காரர்கள் காடு என்று ஒப்புக்கொள்வதே இல்லை. கலைமகளுக்கோ பதினாறு வருஷமாக அதுதான் உலகம். மழை பிடித்தால் போதும், சோற்றைப் பாதியில் விட்டுவிட்டு ஓடுவாள். பல்கலைக்கழகத்துக்காரர்கள் மாட்டியிருக்கும் புனலில் விழும் மழைத்தண்ணீரைப் பாட்டிலில் அடைத்துத் தேதி எழுத வேண்டும். வருஷம் ஒருமுறை அதே ஐந்து இடங்களில் மண்ணும் எடுத்துக் கொடுக்க வேண்டும்; அதுதான் அவள் சம்பள வேலை. "மழைக்கு ஜாதகம் எழுதுறா" என்று ஊர் கேலி பேசியது. பேசுகிற வாய் எதைத்தான் விட்டது? அவள் சட்டை செய்யவில்லை.

மண் ஆய்வாளர் சித்தீக்தான் ஒருநாள் அவளுக்கு விஷயத்தை விளக்கினார். பக்கத்து ஆலையின் புகை மேகத்தோடு கலந்து அமில மழையாக இறங்குகிறது. ஒரு மழையில் ஒன்றும் தெரியாது. வருஷக்கணக்கில் பெய்தால் மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தெல்லாம் கரைந்து போய்விடும், வேர் சுருங்கிவிடும். "வயல்னா உரம் போட்டுச் சரிக்கட்டிடுவோம். காட்டுக்கு யாரு போடுவாங்க அக்கா?" என்றார்.

அந்தப் பேச்சு அவளைத் தைத்துவிட்டது. இலுப்பை மரங்கள் உச்சியிலிருந்து காய்ந்து பட்டுப்போவதைக் கண்ணால் பார்த்தவள் அவள். நாற்றங்காலில் நாற்று வெளுத்தால் அடுப்புச் சாம்பல் தூவுவது அவளுக்குக் கைவந்த வைத்தியம். வீட்டு அடுப்பு, டீக்கடை அடுப்பு எல்லாவற்றையும் வழித்து, மூன்று வருஷமாக யாருக்கும் தெரியாமல் மூட்டை மூட்டையாகச் சுமந்தாள். காடு முழுக்கப் போட அத்தனை சாம்பல் ஏது? மண் எடுத்துப் பழகிய மரங்களின் அடியில் கொட்டினாள்.

இந்த ஆனியில் சித்தீக் குழம்பிய முகத்தோடு வந்தார்.

"மழையில அமிலம் அப்படியேதான் இருக்கு. ஆனா மண்ணு தேறிக்கிட்டு வருதுக்கா."

அவளுக்கு உள்ளுக்குள் ஜில்லென்று இருந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதுபோல நிம்மதி.

"அதுதான் இப்ப வம்பா போச்சு" என்றார் அவர். "காடு நல்லாத்தானே இருக்குன்னு நம்ம ஆய்வு முடிவையே காட்டி, ஆலைக்காரங்க இன்னொரு புகைபோக்கிக்கு அனுமதி கேக்குறாங்க. வெள்ளிக்கிழமை அதுக்குக் கூட்டம்."

வாயைத் திறந்தால் வேலை போகும். திறக்காவிட்டால் காடே போகும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கலைமகள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

"மண்ணு தானா தேறல சார். நான்தான் சாம்பல் போட்டேன்."

அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. கெஞ்சுகிற குரலில் கேட்டார்:

"எந்த இடத்துலக்கா? போடாத இடம் ஒண்ணே ஒண்ணு இருந்தாக்கூடப் போதும், அதை வச்சுப் பேசிடுவேன். பதினாறு வருஷக் கணக்கு அந்த அஞ்சு இடத்துக்குத்தான் இருக்கு. வேற எங்க மண்ணு எடுத்தாலும் பழைய கணக்கு கிடையாது."

கலைமகள் தலைகுனிந்தாள்.

"அஞ்சுலயும் போட்டேன் சார். ஒரு மரத்துக்குக் குடுத்துட்டு இன்னொண்ணைப் பட்டினி போட மனசு வரல."