ஷாகுல் போடாத டிக்

செவ்வாய்க்கிழமை காலை பசியாறிவிட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது தகவல் வந்தது. நம் பழைய அலுவலகக் குழுவின் வாட்ஸ்அப்பில் மூன்றே வரிகள். ஷாகுல் ஹமீது காலமானார். வீடு புக்கிட் மேராவில். அசர் தொழுகைக்குப் பின் நல்லடக்கம். மூன்றாவது வரியில் ஓர் எழுத்துப்பிழை இருந்தது. பதினேழு ஆண்டுகள் அவரோடு வேலை செய்த என் கண்ணில் முதலில் பட்டது அதுதான். ஷாகுல் இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

தெம்பனிஸில் நம் டேட்டா சென்டரில் சர்வர்களையும் நெட்வொர்க்கையும் கவனித்துக்கொண்டவர் அவர். அங்கே எந்த மாற்றம் செய்தாலும் அதற்கொரு படிவம் உண்டு. அந்தப் படிவங்களைச் சரிபார்த்துக் கோப்பில் சேர்ப்பது என் வேலை. ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் திருப்பி அனுப்புவேன். என் முதுகுக்குப் பின்னால் என்னை ஹெட்மிஸ்ட்ரஸ் என்று சொல்வீர்கள் என்பது எனக்குத் தெரியும். நான் கான்வென்டில் படித்தவள். எந்தக் கேள்வியையும் காலியாக விடக் கூடாது என்று கன்னியாஸ்திரிகள் எங்களைப் பழக்கியிருந்தார்கள்.

நான் வேலையில் சேர்ந்த புதிதில், எந்தக் கணினியில் மாற்றம் செய்கிறார் என்று ஷாகுலைக் காட்டச் சொன்னேன். சர்வர் அறைக்கு அழைத்துப்போய், குளிரில் என்னை ஒரு பெட்டியின் முன்னால் நிறுத்தினார்.

"காட்ட முடியாதுக்கா. இந்த ஒரு பெட்டிக்குள்ள நாப்பது மெஷின் ஓடுது. எதையும் கையால தொட முடியாது. பெட்டிய ஒரு அடுக்குமாடி புளோக்னு வெச்சுக்குங்க. உள்ள இருக்கிற மெஷின் ஒவ்வொண்ணும் ஒரு குடும்பம்."

"எங்க புளோக்ல யாரு எந்த வீட்ல இருக்காங்கன்னு எனக்குத் தெரியும்."

"அங்கதான் வித்தியாசம். இங்க ஒரு புளோக்ல கூட்டம் ஜாஸ்தியானா, சாஃப்ட்வேரே நாலு குடும்பத்தத் தூக்கி அடுத்த புளோக்ல வெச்சுரும். நம்மகிட்ட கேக்காது. அந்தக் குடும்பத்துக்கே தெரியாது லா."

முக்கியமான மெஷின் ஒவ்வொன்றுக்கும் துணையாக இன்னொன்று இருக்கும். ஒன்று நின்றால் மற்றது வேலையை எடுத்துக்கொள்ளும். ஆனால் இரண்டும் ஒரே பெட்டிக்குள் போய் உட்கார்ந்துவிட்டால், பெட்டி பழுதாகும்போது இரண்டும் சேர்ந்தே நிற்கும். அதனால் இந்த இரண்டையும் பிரித்தே வை என்று சாஃப்ட்வேரில் ஒரு விதி போட்டிருப்பார்கள். "அண்ணன் தம்பிய ஒரே புளோக்ல விடாதே" என்பார் ஷாகுல். அன்றைக்கு அது எனக்கு நன்றாகப் புரிந்தது. புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

என் கணவர் இறந்தபோது பத்தாம் நாள் நான் வேலைக்குத் திரும்பினேன். எல்லோரும் என்னிடம் மெல்லிய குரலில் பேசினார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஷாகுல் மட்டும் ஒரு கட்டுப் படிவங்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "நீங்க இல்லாத பத்து நாள்ல ஒருத்தனும் ஒழுங்கா எழுதலக்கா. பாத்துத் திட்டுங்க" என்றார். அன்று மாலைவரை திட்டினேன். எனக்கு வந்த ஆறுதல்களில் அதுவே பெரியது.

இனி, இதை எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை. ஒரு பெட்டியில் பழுதான பாகத்தை மாற்ற வேண்டியிருந்தது. அதிலிருந்த மெஷின்களை, துணைகளைப் பிரித்தே வைத்தபடி மற்ற பெட்டிகளுக்கு நகர்த்தப் போதிய இடமில்லை. எனவே பிரித்து வைக்கும் விதியைச் சற்று நேரம் நிறுத்திவைத்தார் ஷாகுல். பாகத்தை மாற்றி முடிக்கையில் ஜும்மாவுக்கு நேரமாகிவிட்டது. படிவத்தில் கையெழுத்துப் போட்டு என் மேசையிலிருந்த படிவத் தட்டில் வைத்துவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனார். "பிரிப்பு விதி திரும்பப் போடப்பட்டதா?" என்ற கடைசிக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார். திரும்பி வந்ததும், தட்டில் படிவம் கிடப்பதைப் பார்த்து மிச்ச வேலையை முடிப்பது அவர் வழக்கம். அது எனக்குத் தெரியாது.

நான் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தேன். கையெழுத்து இருந்தது, டிக் இல்லை. வேலையை முடிக்காமல் ஷாகுல் கையெழுத்துப் போடமாட்டார், டிக் போட மறந்திருப்பார் என்று நினைத்தேன். வாரக் கோப்பை அன்றே மூட வேண்டும். நானே டிக் போட்டு அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அவர் திரும்பியபோது வேறொரு பழுது காத்திருந்தது. தட்டில் படிவம் இல்லை. முடிந்துவிட்டது என்று இருந்துவிட்டார்.

அடுத்த வியாழக்கிழமை காலை ஒரு பெட்டி நின்றுபோனது. சிறுநீரக நோயாளிகளுக்கு ரத்தம் சுத்திகரிக்கும் ஒரு நிலையத்தின் மெஷினும் அதன் துணையும் அதற்குள்ளேயே இருந்தன. விதி இல்லாததால் சாஃப்ட்வேர் இரண்டையும் ஒன்றாகக் குடிவைத்திருந்தது. யாருக்கு எந்த நேரம், எந்த நாற்காலி என்ற பட்டியல் நான்கு மணி நேரம் யாருக்கும் கிடைக்கவில்லை. உயிருக்கு ஆபத்து வரவில்லை. ஆனால் உடம்பு முடியாதவர்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

படிவத்தை வெளியே எடுத்தார்கள். டிக் இருந்தது. கீழே ஷாகுலின் கையெழுத்து இருந்தது. பார்க்காமலே டிக் போட்டுவிட்டார் என்று மேலாளர் அறிக்கை எழுதினார். ஷாகுல் ஒரு வார்த்தையும் மறுத்துச் சொல்லவில்லை. நானும் அடுத்த இரண்டு நாட்கள் வாய் திறக்கவில்லை. அந்த இரண்டு நாட்களை நான் யாரிடமும் நியாயப்படுத்தப் போவதில்லை.

ஞாயிறு காலைகளில் அவர் தேக்கா சந்தையில் இறைச்சி வாங்குவார் என்று தெரியும். போனேன்.

"என்னக்கா, சுத்த சைவம், ஆட்டுக்கறிக் கடையில நிக்கிறீங்க?"

"அந்த டிக் நான் போட்டது, ஷாகுல்."

"தெரியும்" என்றார். கடைக்காரரைப் பார்த்து, "எலும்போட வெட்டுங்க பாய்" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"என் டிக் கோணலா வாலு நீட்டிக்கிட்டு இருக்கும். இது ஸ்கேல் வெச்சுப் போட்ட மாதிரி இருக்கு. கான்வென்ட் டிக் லா."

"அப்பவே ஏன் சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன். முடிக்காத வேலைக்குக் கையெழுத்துப் போட்டது நான்தானேக்கா."

திங்கட்கிழமை மேலாளரிடம் சொன்னேன். அறிக்கை வாடிக்கையாளருக்குப் போய்விட்டது, இப்போது திருத்தினால் நம் ஆவணம் எதையும் நம்பமாட்டார்கள், ஷாகுலும் இதைப் பெரிதாக்க விரும்பவில்லை என்றார். ஓர் எழுத்துப்பிழைக்குப் படிவத்தைத் திருப்பி அனுப்புகிற நான், அந்த அறிக்கையைத் திருப்பாமல் என் நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தேன். மறு ஆண்டு புதிய கட்டடத்துக்குத் தலைமைப் பொறியாளரை நியமித்தார்கள். ஷாகுலுக்கு அந்தப் பதவி கிடைக்கவில்லை. ஏன் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அதன்பின் அவர் கொண்டுவந்த வழக்கம் உங்களுக்கு நினைவிருக்கும். புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஏதாவது ஒரு பெட்டியின் முன்னால் நின்று, "இது இப்ப நின்னா, இதோட சேந்து யார் யார் நிப்பாங்க?" என்று கேட்பார். நான் பட்டியலை வாசிப்பேன். அண்ணனும் தம்பியும் ஒன்றாக இருந்தால் அங்கேயே பிரித்து வைப்பார். எல்லோரும் விழித்திருக்கும் நேரத்தில்தான் சோதிக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். எனக்கென்று தனியாக ஒன்றும் சொல்லிவைத்தார். "தெரியலன்னா காலியா விடுங்கக்கா. காலிக் கட்டம் பொய் சொல்லாது."

செவ்வாய்க்கிழமை புக்கிட் மேரா வீட்டில் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். ஆண்கள் ஜனாஸாவை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். அவர் மனைவி மரியம் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மறதி ஜாஸ்திக்கா அவங்களுக்கு. அடுப்ப அணைக்க மாட்டாங்க. அந்த மறதியாலதானே பெரிய வேலை கைவிட்டுப் போச்சு. வீட்ல நானும் எத்தனையோ தடவ குத்திக் காட்டியிருக்கேன்."

அத்தனை பேர் நடுவில் என்னால் பேச முடியவில்லை. மனைவியிடம்கூட அவர் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. காத்தோங்கில் என் வீட்டுக்குத் திரும்பிய பேருந்திலேயே, நம் பழைய ஊழியர் மலருக்கு இதை எழுதுவது என்று முடிவு செய்தேன். தமிழில் எழுதுவதற்குக் காரணம், மரியம் தமிழ்தான் படிப்பார் என்பதே. மற்றவர்களுக்காக ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறேன். அந்த அறிக்கையைத் திருத்தச் சொல்லி அன்றைய மேலாளருக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். பதில் வராவிட்டால் மறுபடியும் அனுப்புவேன். எனக்கு எழுபத்தாறு வயது, நேரம் நிறைய இருக்கிறது.

அச்சுக்குக் கொடுக்குமுன் மரியத்திடம் போய் இதை வாசித்துக் காட்டினேன். கணவரை இழந்த பெண்கள் இருக்கும் இத்தாவில் இருக்கிறார், வெளியே வரமாட்டார். வாசித்து முடித்தேன். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"அடுப்ப அணைக்க மறந்தது மட்டும் நிஜம்க்கா. அத எடுத்துராதீங்க" என்றார்.

எடுக்கவில்லை.

ஷாகுலிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் காலிக் கட்டத்தை. போன வாரம் பலதுறை மருந்தகத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். குடும்பத்தில் யாருக்காவது இதய நோய் உண்டா என்று கேட்டிருந்தது. என் தந்தை எதனால் இறந்தார் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. "ஏதாச்சும் ஒண்ணுல டிக் போடுங்க ஆன்ட்டி" என்றாள் தாதி. காலியாகவே கொடுத்தேன்.

அந்தப் பழைய படிவத்தின் கடைசிக் கட்டத்துக்கு மட்டும் எனக்குப் பதில் தெரியும். அதை இங்கே நிரப்புகிறேன்.

பிரிப்பு விதி திரும்பப் போடப்பட்டதா? இல்லை. டிக் போட்டவர்: சரோஜினி துரைசாமி.