கண்ணாடி வீட்டில் ஒரு ஜோடி ஸ்பீக்கர்

என் அக்கா கணவரிடம் பணம் கம்மி, தீர்மானம் ஜாஸ்தி. இருபது வருடமாகக் கண்ணாடி வெட்டும் கடையில் வேலை. கண்ணாடியைச் சுண்டிப் பார்த்தே எங்கே கீறல் என்று சொல்லிவிடுவார். அந்தக் காதை நம்பித்தான் மாமா ஒரு நாள் பாட்டுக் கேட்கும் செட் வாங்கக் கிளம்பினார்.

காரணம் அக்கா. இரண்டு வருடத்துக்கு முன் வந்த காய்ச்சல் அவள் காதில் பாதியைக் கொண்டுபோய்விட்டது. காதில் மாட்டும் கருவி பேச்சுக்கு உதவியது, பாட்டுக்கு உதவவில்லை. பாட்டென்றால் உயிரை விடுகிறவள், வார்த்தையே புரியவில்லை என்று கேட்பதையே நிறுத்திவிட்டாள்.

செட் விற்கும் கடையில் நான் நீல விளக்கு மின்னும் ஆம்ப்ளிஃபயரைக் காட்டினேன்.

"வெளிச்சத்தை வெச்சு என்ன பண்றது மாப்ள? சத்தம் வர்றது ஸ்பீக்கர்ல. கையில இருக்கறதுல பாதிக்கு மேல அதுக்குத்தான்."

ஆம்ப்ளிஃபயர், யாரோ பயன்படுத்திவிட்டுக் கொடுத்த பழசு போதும் என்றார். கடைக்காரர் தங்க முலாம் பூசிய ஒயரை எடுத்ததும், "இதை யார் கழுத்துல போடறது?" என்று கேட்டுவிட்டுச் சாதா ஒயரை வாங்கினார். மீதிப் பணம், அடுத்த மாதம் தரை அதிர ஒரு சப்வூஃபர் வாங்குவதற்கு. ஆசை அவரையும் விடவில்லை.

ஸ்பீக்கரை மட்டும் அவர் தேர்ந்தெடுக்கவில்லை. கூடவே அழைத்து வந்திருந்த அக்காவை உட்கார வைத்து ஒவ்வொரு ஜோடியாகப் போடச் சொன்னார். நான்காவது ஜோடியில் அவள் பாட்டின் வரியை வாய்விட்டுத் திருப்பிச் சொன்னாள். விலை கேட்பதற்கு முன்பே, "இதுதான்" என்றுவிட்டார்.

வீட்டில் மாட்டினால் ஒரே இரைச்சல். தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல இருந்தது. அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். சத்தத்தைக் கூட்டச் சொன்னாள். அப்புறம் முகம் சுருங்கிவிட்டது.

"விடுங்க. என் காதுதான் இன்னும் மோசமாயிடுச்சு போல. திருப்பிக் குடுத்துடுங்க."

"அந்தப் பெரிய ஆம்ப்ளிஃபயரை வாங்கியிருக்கலாம்ல?" என்று மாமாமேல் எரிந்து விழுந்தேன்.

அவர் கூடத்தின் நடுவில் நின்று ஒரே ஒரு தடவை கை தட்டினார். அந்தச் சத்தம் நாலு பக்கமும் மோதிக் கணகணவென்று திரும்பி வந்தது. அப்போதுதான் நானும் அக்காவும் சுற்றிப் பார்த்தோம். கடையில் மிஞ்சுகிற கண்ணாடியை மனுஷர் சும்மா விட்டதில்லை. சுவரில் ஆளுயரக் கண்ணாடி, கண்ணாடி மேசை, கண்ணாடித் தடுப்பு, அலமாரிக்கெல்லாம் கண்ணாடிக் கதவு. வருகிறவர்களைக் கையைப் பிடித்து இழுத்துக் காட்டாமல் அனுப்பமாட்டார்.

"உன் காதுக்கு ஒண்ணும் ஆகலை. எல்லாம் நான் பண்ணி வெச்ச கூத்து" என்றார் அக்காவிடம்.

அவள் நம்பவில்லை. மனசு ஆறட்டும் என்று சொல்கிறார் என நினைத்துக்கொண்டாள்.

மறுநாளே கழற்ற ஆரம்பித்துவிட்டார். ஆளுயரக் கண்ணாடியின் மறுமுனையைப் பிடித்த நான் கெஞ்சினேன். "மாமா, இதாவது இருக்கட்டுமே."

"பாட்டுக் கேக்கற எடத்துல மூஞ்சியப் பாத்து என்ன ஆகப்போகுது? கீழ போட்டுடாம புடி."

சப்வூஃபர் பணம் கனமான திரைச்சீலையாகவும் முரட்டுக் கம்பளமாகவும் மாறியது. கண்ணாடியில்லாத கூடம் மொட்டையாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதே பாட்டைப் போட்டார், அதே சத்தத்தில். பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவள் மாதிரி அக்கா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதல் வரி போயிற்று. இரண்டாவது வரியில் உதடு அசைந்தது. மூன்றாவதில் மாமா பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, சத்தத்தைக் கொஞ்சம் கொறைங்களேன்."

இரண்டு வருடத்தில் அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததே இல்லை. மாமா குமிழைத் திருகினார்.

"போதுமா?"

"இன்னும் கொறைங்க. எல்லாம் கேக்குது."