கொலுசுத் தராசில் எடை பார்த்த குண்டா

போன வருஷம் ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். இடம், ஏற்காட்டிலிருந்து செம்மநத்தம் போகிற வழியில் என் நண்பன் வீட்டுக் காப்பித் தோட்டம். அன்றைக்கு நடந்ததை இன்று நானே உட்கார்ந்து, என் கண்ணாலேயே பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கு இன்னும் நம்ப முடியாத விஷயம்தான்.

என் அப்பா சேலத்தில் கொலுசுப் பட்டறை ஒன்றில் வேலை செய்கிறார். அம்மா வீட்டில் இருந்தபடியே கொலுசுக்கு மணி கோத்துக் கொடுப்பார். இருவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய் முழுசாகப் படித்து முடித்த முதல் ஆள் நான். அதனால் பஸ் போர்டோ, மாத்திரை அட்டையில் இருக்கும் தேதியோ, போனில் வரும் மெசேஜோ, எல்லாவற்றுக்கும் வீட்டுக்கே என் கண்தான். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

நாங்கள் மூன்று பேர், கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். ஒருவனுக்கு ஊர் செம்மநத்தம். இன்னொருவனின் அத்தா, அப்பாவை அவன் அப்படித்தான் கூப்பிடுவான், ஏற்காட்டில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். மூவரும் இமயமலைப் பக்கம் ஒரு மலையேற்றம் போவதாக முடிவு செய்திருந்தோம். சமையல் சாமானைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை நானாகத்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அந்த ஒரு மாதம் எனக்கு வேறு நினைப்பே இல்லை. எவர்சில்வர் கனம். டைட்டானியம் லேசு, ஆனால் விலையைப் பார்த்ததும் பக்கத்தை மூடிவிட்டேன். கடைசியில் அலுமினியத்தில் ஒரு குட்டிப் பாத்திரமும், கையளவு கேஸ் டப்பாவின் தலையிலேயே திருகி வைக்கிற ஓர் அடுப்பும் வாங்கினேன். மடக்கினால் அடுப்பு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். கனத்தைக் குறைக்க வேண்டுமென்று கரண்டிக் காம்பைக்கூடப் பாதியாக அறுத்தேன். நல்ல கரண்டியை இப்படி முடமாக்கிட்டியே என்று அம்மா இரண்டு நாள் திட்டினார்.

இது போதாதென்று, எல்லாவற்றையும் அப்பாவின் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போய், கொலுசு நிறுக்கிற தராசில் ஒவ்வொன்றாக வைத்து எடை பார்த்தேன். பட்டறையில் இருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அப்பா அந்தக் குட்டிப் பாத்திரத்தின் மூடியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஏஞ்சாமி, இதுக்கும் ரெண்டு மணி வெச்சுக் குடுத்தர்றதா?” என்றார். அந்த வாரம் முழுக்க அதைச் சொல்லியே பட்டறை சிரித்தது.

ஒரே ஒரு குறை இருந்தது. அந்தக் குட்டிப் பாத்திரம் ஓர் ஆளுக்குத்தான் காணும். மூன்று பேருக்கு என்ன செய்வது? கடைத்தெருவில் தேடி, காகிதம் மாதிரி மெல்லிசான, வாய் அகன்ற ஓர் அலுமினியக் குண்டாவைப் பிடித்தேன். தராசில் வைத்தால் அந்தக் குட்டிப் பாத்திரத்தைவிடக் கொஞ்சம்தான் கூட. கனமும் இல்லை, நிறையவும் பிடிக்கும். பெரிய கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

இமயமலைக்குப் போகும் முன்பு ஒரு முறை சமைத்துப் பார்த்துவிடலாம் என்றுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போனோம். மிளகுக் கொடி ஏறிய மரங்களுக்கு நடுவில் கொஞ்சம் வெட்டவெளி. பனிமூட்டம் இறங்கி இறங்கிக் கலைந்துகொண்டிருந்தது. ரவையும் வெங்காயமும் கடைக்கார நண்பனின் உபயம். அடுப்பைப் பற்றவைத்து, குண்டாவில் தண்ணீர் ஊற்றி ஏற்றினேன்.

காற்று விடவில்லை. தீ ஒரு பக்கமாகவே சாய்ந்தது. எங்கள் வீட்டில் வாசலில் விறகு அடுப்பு எரியும்போது காற்றடித்தால், அம்மா சுற்றி நாலு செங்கல்லை அண்டக்கொடுப்பார். அந்தப் பழக்கம் என் கையிலும் ஊறியிருந்தது. யோசிக்கவே இல்லை. கிடைத்த கற்களைப் பொறுக்கி வந்து, கேஸ் டப்பா வெளியே தெரியாதபடி நெருக்கமாக அடுக்கினேன். மேலே அகலக் குண்டா, சுற்றிலும் கல். உடனே தீ நேராக நின்றது. சத்தம்கூட நன்றாகக் கூடி, புஸ்ஸென்று இரைந்தது. சபாஷ் என்று சொல்லிக்கொண்டு, மண்ணில் முழங்கை ஊன்றிக் குனிந்து, கல் இடுக்கு வழியாகத் தீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கன்னத்தில் சூடு அடித்தது. அடுப்பு இவ்வளவு நன்றாக எரிகிறதே என்று பெருமையாக இருந்தது.

அப்போதுதான் தோட்டத்து நண்பனின் அம்மா வந்தார். அதற்கு முன் அவரை நான் பார்த்ததில்லை. தலையில் சும்மாடு, அதன் மேல் பெரிய பித்தளைப் போசி, இடுப்பில் ஒரு தூக்கு. மேட்டில் ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. வந்தவர் என் அடுப்பையும் பாதிக் கரண்டியையும் பார்த்தார்.

“ஏனுங்க கண்ணு, பொம்மைக் கல்யாணத்துக்கு ஆக்கறீங்களாட்ட இருக்குது?”

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. நாங்கள் தோட்டத்தில் தனியாகச் சமைத்துச் சாப்பிடப் போகிறோம் என்று மகன் காலையில் சொன்னதிலிருந்தே அவருக்கு மனசு ஆறவில்லையாம். ஊட்டுல அடுப்பு இருக்க, வந்த பிள்ளைகள் காட்டில் தானே பொங்கித் தின்பதா என்று, சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் ஆக்கி எடுத்து வந்துவிட்டார். நான் பணிவாகத்தான் சொன்னேன், இது ஒரு பரீட்சைங்க அம்மா, அஞ்சே நிமிஷம், தண்ணி கொதிச்சதும் வந்துடறோம் என்று.

“எந்திரிங்க. எங்க மண்ணுல வந்து விருந்தாளி தானே ஆக்கித் தின்னுட்டுப் போனாங்கன்னா, நாளைக்கு ஊருக்குள்ள நா எப்பிடி நடமாடறதுங்க?”

சொல்லிக்கொண்டே என் கையைப் பிடித்து எழுப்பிவிட்டார். அடுப்பு எரியட்டும், சாப்பிட்டுவிட்டு டீ போட்டுக்கொள்ளலாம் என்று நான் அணைக்காமலே போனேன். சரிவில் கொஞ்சம் கீழே, ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் காற்றுப் படாத இடமாகப் பார்த்து வாழையிலை போட்டார். சாமைச் சோற்றில் ஆவி பறந்தது. ஆனாலும் எனக்குக் காதெல்லாம் அடுப்பின் மேல்தான். அந்த இரைச்சல் மாறி, ஏதோ சீறுகிற மாதிரி கேட்டது. ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பாதியில் எழுந்தேன்.

“எலையில சோத்த வெச்சுட்டு எந்திரிக்கலாமுங்களா? உக்காருங்க சாமி,” என்று இன்னொரு கரண்டிக் குழம்பை ஊற்றினார். உட்கார்ந்தேன்.

உட்கார்ந்து ஒரு வாய் எடுத்திருக்க மாட்டேன். வெடித்தது.

அதைச் சத்தம் என்று சொன்னால் போதாது. நெஞ்சில் யாரோ உதைத்த மாதிரி இருந்தது. பாறைக்கு மேலே ஒரு நெருப்புப் பந்து எழும்பி அடங்கியது. கற்கள் மரத்தில் பட்டுத் தெறித்தன. மிளகு இலைகள் மழைபோல் உதிர்ந்தன. அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை, காதுக்குள் ஒரு ரீங்காரம் தவிர. கடைக்கார நண்பன் கையில் சோற்றுடன் அப்படியே உறைந்து போயிருந்தான். தோட்டத்து நண்பன் வாய் அசைத்தான், என்ன சொன்னான் என்று தெரியவில்லை. அவன் அம்மாதான் முதலில் அசைந்தார். குழம்புக் கையோடு என் முகத்தைப் பிடித்துத் திருப்பி, நெற்றி, கன்னம், இமை எல்லாம் தடவிப் பார்த்தார். காது மெதுவாகத் திறந்தபோது அவர் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது புரிந்தது.

“பார்வ தெரியுதா சாமி? என்னயத் தெரியுதா?”

தெரிகிறது என்று தலையாட்டினேன்.

மேலே போய்ப் பார்த்தோம். முதல் நாள் மழையில் மண் ஈரமாக இருந்ததால் தீ பரவவில்லை, நாலைந்து காப்பிச் செடிகள் கருகியதோடு நின்றிருந்தது. குண்டா கசங்கி ஒரு கிளையில் தொங்கியது. நான் முழங்கை ஊன்றியிருந்த இடத்தின் தடம் மண்ணில் இன்னும் இருந்தது. அதற்கு நேர் பின்னால், என் முகம் இருந்த உயரத்தில், மரப்பட்டையைக் கிழித்துக்கொண்டு கேஸ் டப்பாவின் ஒரு தகடு செருகியிருந்தது. அதை விரலால் தொட்டுப் பார்த்தேன். அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அகலக் குண்டாவின் அடியில் பட்ட வெப்பம் மேலே போக வழியில்லாமல் கீழே திரும்பி, சுற்றியிருந்த கற்களுக்குள் அடைபட்டு, டப்பாவைக் காய்ச்சியிருக்கிறது. விறகு அடுப்பைக் கல்லால் அண்டக்கொடுத்தால் தீ நிற்கும். கேஸ் டப்பாவை அண்டக்கொடுத்தால் அது வெடிகுண்டு. இதெல்லாம் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டது. எடையை கிராம் கிராமாகப் பார்த்த எனக்கு, பாத்திரத்தின் அகலத்தையும் அடுப்பையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவே இல்லை. இப்போது யாராவது இந்த மாதிரி சாமான் வாங்கப் போகிறேன் என்றால், எடையைக் கடைசியில் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

இமயமலைக்குப் போய்விட்டு வந்தோம். அடுப்பு வேறு, டப்பாவைத் தள்ளி வைத்துக் குழாயில் இணைக்கிற வகை. கொஞ்சம் கனம்தான். தூக்கிக்கொண்டு நடந்தேன். கிளம்புவதற்கு முன் செம்மநத்தம் போய் நண்பனின் அம்மாவைப் பார்த்தபோது, அந்த வெடியைப் பற்றி அவர் பேசவே இல்லை. அன்றைக்கு இலையில் சோற்றை மிச்சம் வைத்துவிட்டேன் என்பதுதான் அவருக்கு இன்னும் குறை.

வீட்டில் எல்லாம் பழையபடிதான். ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் அம்மா மாத்திரை அட்டையை நீட்டி, இது எந்தத் தேதி வரைக்கும் ஆகும், பார்த்துச் சொல்லு கண்ணு என்பார். அதை வாங்கி விளக்குப் பக்கம் திருப்பிப் படிக்கிற ஒவ்வொரு தடவையும், பித்தளைப் போசியைத் தலையில் வைத்துக்கொண்டு மேடேறி வந்து என்னைக் கையைப் பிடித்து எழுப்பியவரின் குழம்பு மணம் என் முகத்தில் வந்து போகிறது.