வாட்சுக்கு ஒரு அட்டைப்பெட்டி

இதை எழுத வேண்டாமென்றுதான் இருந்தேன். மழைக்கு மூடிக்கொண்டு தூங்குவது அதைவிடச் சுகம்.

போன மாதம் இறந்த அப்பாவின் வாட்சை அண்ணன் நாளை துபாய்க்குக் கொண்டுபோகிறான். மூத்தவனுக்குத்தான் அது என்று அம்மா சொல்லிவிட்டாள். எனக்குப் படமாவது இருக்கட்டுமே. சும்மா போனில் எடுத்தால் கருவாடு போலத் தெரிந்தது. அதனால் பிஸ்கட் பெட்டியின் பக்கங்களை வெட்டி, வெள்ளைத்தாள் ஒட்டி, மேலே பழைய குண்டு பல்பைத் தொங்கவிட்டேன். சூட்டில் அட்டை மணத்தது.

அம்மா எட்டிப் பார்த்தாள். "கோழிக்குஞ்சு வாங்கினியா மக்கா?"

அப்பாவும் குஞ்சுகளுக்கு இப்படித்தான் பெட்டியில் பல்பு போடுவார். தவிட்டு மணமும் ஓயாத கீச்சொலியுமாக இருக்கும். நான் சிறுவனாக இருந்தபோது, ஒரு மழைக்காலையில் கரண்ட் போனது. அப்பா குஞ்சுகளை அள்ளிச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு, வேலைக்கும் போகாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"எங்க அப்பா அடை இருக்காராக்கும்," என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கத்தினேன்.

"சத்தம் போடாத மக்கா, ஒண்ணு செத்துப்போச்சு," என்றார்.

வாட்சைப் பெட்டிக்குள் வைத்துப் படமெடுத்தேன். கூடப் படித்த கூட்டுக்காரன் பிஜுவுக்கு அனுப்பி, "கொள்ளாமாலே, நல்லா இருக்கா?" என்று கேட்டேன்.

"படம் ஆடியிருக்குலே மக்கா, அழுது முடிச்சிட்டு இன்னொண்ணு எடு."